கை நனைக்காமல் போனவர்

“தகராறெல்லாம் ஒண்ணும் கிடையாது மேடம்.”

பாக்கிக்காக ஒரு நிறுவனத்தையே கலைக்கச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போக நம்மிடம் வருகிறவர், இந்த வாக்கியத்தைச் சொல்லாமல் நாற்காலியில் உட்கார மாட்டார். இந்த வக்கீல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்களும் இனி வாரத்துக்கு ஒரு முறை கேட்பீர்கள். கேட்டதும் மனசுக்கு இதமாக இருக்கும். அந்த இதத்தை நம்பாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மற்றபடி உங்களுக்குப் பாடம் எடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. எனக்கே இந்த விஷயத்தில் இன்னும் தெளிவு கிடையாது.

சட்டம் என்னவோ எளிமையானதுதான். கடனைக் கேட்டு முறைப்படி நோட்டீஸ் கொடுக்கிறோம். மூன்று வாரத்தில் பணமும் வராமல் பதிலும் வராமல் போனால், அந்த நிறுவனத்தால் கடனைக் கட்ட முடியவில்லை என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். கலைப்பு விண்ணப்பம் போடலாம். ஆனால் அந்தக் கடனின் மேல் உண்மையான, வலுவான தகராறு ஒன்று இருந்தால் கதை வேறு. கலைப்பு என்பது கடன் வசூலிக்கும் தடி அல்ல என்று நீதிபதி விண்ணப்பத்தைத் தள்ளுவார், எதிராளியின் செலவையும் நம் தலையில் கட்டுவார். அதனால் எதிராளி சொல்லும் தகராறு நோட்டீஸுக்கு முன்பே இருந்ததா, நோட்டீஸைப் பார்த்த பயத்தில் முளைத்ததா என்பதில்தான் பாதிச் சண்டை நடக்கும். முன்பே எழுதிய கடிதம் இருக்கிறதா, குறுஞ்செய்தி இருக்கிறதா என்று இரண்டு தரப்பும் துழாவும்.

எதுவுமே எழுதப்படாத, ஒரு வார்த்தைகூடப் பேசப்படாத தகராறைப் பற்றி எந்தத் தீர்ப்பிலும் நான் படித்ததில்லை. அப்படி ஒன்று நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு என் மேசைக்கு வந்தது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். யார் என்று கண்டுபிடிக்கக் கிளம்பாதீர்கள். அந்த நேரத்தில் ஏதாவது தீர்ப்பைப் படியுங்கள்.

என் கட்சிக்காரர் பெயர் முருகையன் என்று வைத்துக்கொள்வோம். உணவகங்களுக்குக் குளிரறை கட்டிக் கொடுப்பவர். தேக்கா கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், துணிக்கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். எனக்குப் பல வருடப் பழக்கம். அவருக்குப் பாக்கி வைத்தவர் மாணிக்கம், செம்பவாங் பக்கம் ஒரு பெரிய சமையற்கூடம் நடத்துகிறார். துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் விடுதிகளில் தங்கியிருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்குக் காலை, மதியம், இரவு என்று சாப்பாடு அங்கிருந்துதான் போகும். முருகையன் அவருக்கு ஒரு குளிரறை கட்டிக் கொடுத்தார். கடைசித் தவணை வரவில்லை. நோட்டீஸ் கொடுத்தோம். கெடு முடிந்தது. பதில் இல்லை. மறுநாள் விண்ணப்பம் போட வேண்டியதுதான் பாக்கி.

விண்ணப்பம் போட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். பத்திரிகையில் அறிவிப்பு வரும். வங்கி மாணிக்கத்தின் கணக்கை முடக்கும். விடுதிக்காரர்கள் நாளைக்குச் சோறு வருமா என்று பயந்து வேறு ஆளைப் பார்ப்பார்கள். நீதிபதி ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்பே மாணிக்கத்தின் அடுப்பு அணைந்துவிடும். பின்னால் விண்ணப்பம் தள்ளுபடி ஆனாலும் அணைந்த அடுப்பு அணைந்ததுதான்.

முருகையன் கையெழுத்துப் போட வேண்டிய பிரமாணப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு அவர் அலுவலகத்துக்கே போனேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லி வந்தேன். தகராறு எதுவும் இருந்ததில்லை என்று காட்டும் பத்தி வந்தது. “எதிர்த்தரப்பு இயக்குநர் என் மகளின் திருமணத்துக்கு வந்து, மொய் வைத்து, மணமக்களை வாழ்த்தினார். எங்கள் உறவு சுமுகமாகவே இருந்தது. வேலையைப் பற்றி அவர் எந்தக் காலத்திலும் குறை சொன்னதில்லை.” எழுதியது நான்தான். படிக்க நன்றாகவே இருந்தது.

முருகையனின் மனைவி செல்வி மூலை மேசையில் கணினியைப் பார்த்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பாமல் கேட்டார்.

“சாப்பிட்டாரான்னு எழுதலையா மேடம்?”

“யாரு?”

“மாணிக்கம். கை நனைக்காம போனாரே.”

“நீ சும்மா இரு,” என்றார் முருகையன். “மேடம் சட்டம் பேசிக்கிட்டு இருக்காங்க.”

“நான் சோறு பேசுறேன். ரெண்டையும் அவங்களே கேட்டுக்கட்டும்.”

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். தேக்காவில் ஒரு கோவில் மண்டபத்தின் மாடியில் முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலையில் பாயசம் விழுந்த நேரம், கதவு வழியாக லிஃப்ட் தெரிந்தது. பட்டுச் சட்டை போட்ட ஒருவர் அதற்காகக் காத்து நின்றார். பெண்ணைப் பெற்ற முருகையன், வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சபை முழுக்கப் பார்க்க அவர் பின்னால் ஓடினார். அவர் கையைப் பிடித்தார். பட்டுச் சட்டைக்காரர் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். லிஃப்ட் மூடியது. யாரோ வண்டி நிறுத்தும் தொல்லையில் அவசரமாகக் கிளம்புகிறார் என்று நினைத்து நான் பாயசத்தைக் கவனித்தேன். தேக்கா பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டவர் யார்?

“அன்னைக்கு சாப்பிடாம எத்தன பேரு போயிருப்பாங்க?” என்று முருகையனைக் கேட்டேன்.

“இருப்பாங்க மேடம், நெறைய பேரு. ஷிஃப்ட் இருக்குன்னு போனவங்க, வேற கல்யாணத்துக்குப் போனவங்க.”

“அவங்க பின்னாடி எல்லாம் ஓடினீங்களா?”

அவர் செல்வியைப் பார்த்தார். செல்வி தட்டுவதை நிறுத்திவிட்டார்.

“மாணிக்கம் பின்னாடி மட்டும் ஏன் ஓடினீங்க?”

“ஏதோ வருத்தம் இருக்குன்னு தெரிஞ்சுச்சு மேடம். என்ன வருத்தம்னு நான் கேக்கல. கல்யாண நாளும் அதுவுமா எப்படிக் கேக்குறது?”

“சரி. அதுக்கப்புறம் கேட்டிருக்கலாம்ல?”

“அப்புறம் கேட்டா சொல்லிடுவாருல்ல லா.”

எத்தனையோ பேரைக் கூண்டில் நிற்க வைத்து நான் கேள்வி கேட்டிருக்கிறேன். இவ்வளவு நேர்மையான பதிலை ஒரு சாட்சியிடமிருந்தும் வாங்கியதில்லை. பத்திரத்தைப் பையில் போட்டுக்கொண்டு கையெழுத்து வாங்காமலே கிளம்பினேன்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். எனக்குப் பைத்தியம் பிடிக்காதது ஆச்சரியம்தான். முதலில் நடந்ததை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். “அவர் கையை ஈரமாக்காமல் புறப்பட்டார்.” நீதிபதி இதைப் படித்தால் என்ன நினைப்பார்? சமையற்கூடம் நடத்துகிறவர் கை கழுவுவதில்லை என்று சுகாதாரப் புகார் கொடுத்தது போல இருந்தது. “சாப்பிடாமல் போனார்” என்று மாற்றினேன். அப்படியானால் அவருக்குப் பசி இல்லை, அவ்வளவுதான். நம் ஆட்களுக்கு ஒரே பார்வையில் புரிகிற செய்தி, மொழி மாற்றியவுடன் ஒன்று அபத்தமாகிறது, இல்லையென்றால் காணாமலே போகிறது.

அலுவலகத்தின் மூத்த பங்குதாரரிடம் போனேன். நல்ல மூளைக்காரர், நம்மவர் அல்ல. முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உண்மையான அக்கறையோடு, அவர் ஒருவேளை சைவமோ என்று கேட்டார். கல்யாணச் சாப்பாடே சைவம்தான் என்றேன். பிறகு அவர் சொன்னது இது: எதிராளி புகார் செய்யவில்லை, நோட்டீஸுக்குப் பதிலும் போடவில்லை, அவருடைய வழக்கை நாம் ஏன் ஜோடித்துக் கொடுக்க வேண்டும்? விண்ணப்பத்தைப் போடு.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் என்னை இன்னும் குழப்பியது. சாப்பிடாமல் போனது ஒரு தகராறு என்றால், எதைப் பற்றிய தகராறு? குளிரறையா? வரவேற்பு சரியில்லையா? முன்வரிசை நாற்காலி கிடைக்கவில்லையா? கல்யாணத்துக்கு வந்து சாப்பிடாமல் போகிறவர்களுக்கு ஆயிரம் காரணம் உண்டு. அதில் எது சட்டப்படி வலுவானது? மறுபக்கம், நான் எழுதிய மூன்று வாக்கியங்களும் தனித்தனியாக உண்மைதான். சேர்த்துப் படித்தால் பொய். சுமுகம் என்ற சொல்லை எடுத்துவிடலாமா? எடுத்தால் மீதி இரண்டும் இன்னும் பெரிய பொய் ஆகின்றன. போதாக்குறைக்கு நானே அதைக் கண்ணால் பார்த்தவள். வழக்கில் வாதாடுகிறவளே சாட்சியாகவும் நிற்க முடியாது. பாயசத்தை மட்டும் பார்த்திருக்கக் கூடாதா என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

கடைசியில் முருகையனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

“நாளைக்கு விண்ணப்பம் போடல. நீங்க போய் மாணிக்கத்துக்கிட்ட என்ன வருத்தம்னு கேளுங்க.”

“கேட்டா கேஸ் போயிடும் மேடம்.”

“போற கேஸ்னா இப்பவே போகட்டும். கோர்ட்ல போனா அவரு செலவும் நம்ம தலையில.”

“ஸ்டீல் கடனுக்குக் கொடுத்தவனுக்கு நான் பதில் சொல்லணும். நீங்க இப்ப யாரு பக்கம்?”

“கையெழுத்துப் போடப்போறவரு பக்கம். சத்தியம் பண்ணப்போறது நீங்க. நாளைக்கு அந்தக் கோர்ட்ல ஒருத்தர் எழுந்து, ஏன் லிஃப்ட் வரைக்கும் ஓடினீங்கன்னு கேட்டா என்ன சொல்வீங்க?”

“நீங்களும் வாங்க. தனியாப் போனா வாய்த் தகராறு ஆயிடும்,” என்றார். தகராறு ஆனால்தான் எனக்குத் தெளிவு பிறக்கும் என்று நான் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் செம்பவாங்கில் அந்தச் சமையற்கூடத்துக்குப் போனோம். முருகையனின் லாரியில்தான். உள்ளே துவாஸுக்குப் போக வேண்டிய இரவுச் சாப்பாட்டைப் பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெங்காயம் வதங்கும் வாசனையில் எனக்குப் பசி கிளம்பியது. மாணிக்கம் ஏப்ரனைக் கழற்றிக்கொண்டே வந்தார். அவருக்கு அப்போது வக்கீல் யாரும் இல்லை. அதனால் முதலிலேயே சொன்னேன்: நான் முருகையனுடைய வக்கீல், உங்களுடையவள் அல்ல, வேண்டாமென்றால் நீங்கள் எதுவும் பேச வேண்டியதில்லை, உங்களுக்கென்று ஒரு வக்கீல் வைத்துக்கொள்வது நல்லது.

“இப்பவாவது வந்தீங்களே,” என்றார் அவர். என்னைப் பார்த்து அல்ல, முருகையனைப் பார்த்து.

“நோட்டீஸுக்கு ஏன் பதில் போடல மாணிக்கம்?”

“நீங்க கேக்க வேண்டியது அது இல்லண்ணே.”

முருகையன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பிடுங்கி எடுத்தது போல் ஒரு வார்த்தை சொன்னார்.

“சரி. சொல்லு.”

மாணிக்கம் சொன்னார். குளிரறை கைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே உள்ளே குளிர் தங்கவில்லை. ஒரு நாள் காலையில் திறந்தால் கோழி முழுக்கக் கெட்டிருந்தது. அன்றைக்குத் துவாஸுக்குச் சாப்பாடு நேரத்துக்குப் போகவில்லை. ஒரு விடுதி ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டது.

“அன்னைக்கே ஃபோன் போட்டுத் திட்டியிருப்பேன். அன்னைக்குன்னு பாத்து அண்ணனும் அண்ணியும் வீட்டுக்கு வந்து, தட்டுல பழம் வெத்தல வச்சுப் பத்திரிகை கொடுத்தாங்க. அத வாங்கிக்கிட்டு குளிர் ரூம் சரியில்லன்னு எப்படிங்க சொல்றது? கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். வந்தேன், மொய் வச்சேன், கை நனைக்காம போனேன். அதுக்கு மேல என்ன மேடம் லெட்டர் வேணும்? அண்ணன் லிஃப்ட் வரைக்கும் ஓடி வந்தாரு. சரி, புரிஞ்சிருச்சு, நாளைக்குக் கூப்பிட்டுக் கேப்பாருன்னு நெனச்சேன். நோட்டீஸ்தான் வந்துச்சு.”

முருகையனுக்கு முகம் சிவந்துவிட்டது. “குளிர் தங்கலன்னா கதவ யாரு தொறந்து வச்சது? லோடு ஏத்துறப்ப உன் ஆளு பெட்டிய முட்டுக்கொடுத்து வச்சிருக்கான், இப்பகூடப் பாரு.”

“கதவு ரப்பர் ஒழுங்கா ஒட்டியிருந்தா, மூடி வைக்க ஏண்ணே பெட்டி?”

இருவரும் குளிரறைக்கே போய்விட்டார்கள். நானும் பின்னால் போனேன். ஒருவர் ரப்பரை இழுத்துக் காட்டினார், ஒருவர் பெட்டியை உதைத்துக் காட்டினார். முருகையன் பேசும்போது அவர் சொல்வது சரியாகப் பட்டது. மாணிக்கம் பேசும்போது அவர் சொல்வது சரியாகப் பட்டது. குளிரில் கை விறைக்க நின்றுகொண்டு, யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் துளிகூடத் தெரியவில்லை.

அந்தக் குழப்பம்தான் விடை என்று அங்கே எனக்கு உறைத்தது. இவர்கள் இருவரையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, குளிரறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, கூலி வாங்கிய வக்கீலான நானே ஒரு பக்கம் சாய முடியவில்லை. கலைப்பு நீதிபதி வெறும் காகிதத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சாய்வார்? விசாரித்துத்தான் தீர்க்க வேண்டும் என்றால், அது கலைப்பு நீதிமன்றத்துக்குரிய விஷயமே இல்லை. இதைப் பாடப்புத்தகம் வேறு வார்த்தைகளில் சொல்கிறது. நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

விண்ணப்பம் போடவே இல்லை. பின்னால் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பொறியாளர் வந்து பார்த்து, பழியை இருவருக்கும் பங்கு போட்டார். அவர் சொன்னதும் எனக்கு விளங்கவில்லை. ஒருவேளை நாங்கள் அங்கே போகாமல் இருந்து, மாணிக்கத்தின் வக்கீல் அந்தச் சாப்பிடாத சாப்பாட்டை முன்தகராறு என்று நீதிமன்றத்தில் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்குமா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உங்களில் யாராவது சொல்ல முடிந்தால் சந்தோஷம்.

ஆனால் அன்று நடந்ததை முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை.

கத்தி ஓய்ந்து வெளியே வந்தபோது, மாணிக்கத்தின் ஆட்கள் மேசையில் இரண்டு தட்டுகளில் சோறும் குழம்பும் வைத்திருந்தார்கள். முருகையன் தட்டைப் பார்த்தார்.

“நீங்க சாப்பிடுங்க மேடம். நான் லாரில இருக்கேன்.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். எனக்கு நல்ல பசி. என் முன்னால் தட்டு. எதிராளியின் சோறு. கட்சிக்காரர் கை நனைக்கவில்லை, வக்கீல் நனைக்கலாமா? இதற்கு எந்த விதியில் பதில் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டேன்.

மாணிக்கம் பரிமாற எடுத்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டு முருகையன் பின்னால் ஓடினார். லாரிகளுக்கு நடுவில், பெட்டி தூக்குகிற ஆட்களெல்லாம் பார்க்க ஓடினார். நான் தட்டும் கையுமாக வாசலுக்கு வந்தேன்.

“அண்ணே, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க.”

முருகையன் நிற்கவில்லை. லாரிக் கதவில் கை வைத்துவிட்டார்.

“சரி, சாப்பிட வேணாம். என்ன வருத்தம்னாவது சொல்லிட்டுப் போங்க.”

முருகையன் திரும்பினார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

“எம் பொண்ணு கல்யாணத்துல, அத்தன பேரு முன்னாடி, என்னய ஓட விட்டியேடா.”

நான் எழுதிய நோட்டீஸில், பாக்கித் தொகைக்குக் கீழே, தவணைத் தேதிக்குக் கீழே, இதுதான் இருந்திருக்கிறது. இந்த ஒரு ஓட்டத்துக்காகத்தான் ஒரு நிறுவனத்தைக் கலைக்கக் கிளம்பியிருந்தோம்.

மாணிக்கத்துக்கு மூச்சு வாங்கியது. அவர் தரையைப் பார்த்தபடி நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“இப்ப நானும் ஓடி வந்திருக்கேன்ல அண்ணே. எங்க ஆளுங்க முன்னாடி. ஒங்க லாயரு பாத்துக்கிட்டு நிக்கிறாங்க.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். என் வாய் நிறையச் சோறு. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அந்த நேரத்தில் நான் யாருடைய வக்கீல் என்று எனக்கே தெரியவில்லை.

முருகையன் லாரிக் கதவைச் சாத்திவிட்டு, மாணிக்கத்தின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“கை கழுவுற எடம் எங்க இருக்கு?”